பத்து நிமிட ஈரம்

கண்ணாடி அக்காவை முதலில் பார்த்தது, நான் மருத்துவமனைக் கட்டில் ஒன்றின் கம்பியைப் பஞ்சுக்குச்சியால் தடவிக்கொண்டிருந்தபோது.

"என்ன தம்பி, கட்டிலுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். மருத்துவமனை லேபில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. துடைத்த இடத்தில் கிருமி மிச்சமிருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்போம் என நெஞ்சை நிமிர்த்தி விளக்கினேன்.

"நான் துடைச்ச கட்டில்லயா? நல்லாத் தேடு!"

பன்னிரண்டு வருடமாக அந்த வார்டில் துடைக்கிறவர். அவர் கை பட்ட கம்பியில் முகம் பார்க்கலாம். அதனால்தான் அந்தப் பெயர்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. அக்காவின் நான்கு அறைகளிலும் கிருமி. எதிர் வரிசை அறைகளைத் துடைப்பவர், கிருமிநாசினி மருந்தைத் தெளித்த கையோடு டீ குடிக்கப் போகிற ஆள். அவர் அறைகளில் ஒன்றுமே இல்லை. கிருமி வளர்க்கும் தட்டுகளை நான்தான் மாற்றி வைத்துவிட்டேனோ?

"அடுத்த சோதனையிலயும் இப்படி வந்தா வேற ஆள் போட்டுடுவேன்," என்றார் சூப்பர்வைசர் அக்காவிடம்.

அக்கா லேப் வாசலுக்கே வந்துவிட்டார். "தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே அழிஞ்சு போச்சு. கிருமி மட்டும் எப்படிப்பா அழியல?"

எனக்கும் தலை சுற்றியது. வாளியை மாற்றினோம். துணியை மாற்றினோம். புது மருந்து கேனைத் திறந்தோம். நானே தனியாக மறுபடி மாதிரி எடுத்துப் பார்த்தேன். அப்போதும் கிருமி வளர்ந்தது.

கடைசியில் ஒரு காலை முழுக்க அக்காவின் பின்னாலேயே நடந்தேன். வலக்கையில் மருந்துத் துணி, இடக்கையில் காய்ந்த துணி. தடவிய மறுநொடியே துடைத்துவிடுகிறார்.

"ஈரம் நின்னா திட்டுத் திட்டாத் தெரியும் தம்பி. பாக்கவே அசிங்கம்."

எதிர் அறைக் கம்பிகளில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கேனைத் திருப்பினேன். பின்பக்கம், பொடி எழுத்தில்: பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். மருந்து கிருமியின் மேலுறையை உடைத்து உள்ளே போக அவ்வளவு நேரம் ஆகும். அக்கா மருந்தையே துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை அந்தக் கேனைத் தூக்கியிருப்பேன்! படித்தவன் நானும் அதைப் படிக்கவில்லை.

"அப்ப சோம்பேறியா இருந்தாத்தான் சுத்தமா? இது என்னப்பா நியாயம்?"

"பத்து நிமிஷத்துக்கு மட்டும் சோம்பேறியா இருங்கக்கா."

நம்பாமல்தான் செய்தார். அடுத்த சோதனையில் ஒன்றும் வளரவில்லை.

அக்கா இப்போதும் அதே வார்டில், அதே நான்கு அறைகளைத்தான் துடைக்கிறார். மருந்து தடவிவிட்டு, காய்ந்த துணியோடு சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்.