மிலேன் கேட்ட எட்டுப் பாடத்தாள்கள்

மிலேன் என் சித்தி மகள். என்னைவிடப் பத்து மாதம் இளையவள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்தவள் எங்கள் ஊரில் கிடையாது. ஆனாலும் அவளை முழுசாகத் தெரிந்தவள் நான்தான், அதனால் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் நிக்கல் சுரங்கத்து ஊர் எங்களுடையது. வீட்டில் பிரெஞ்சு, கடைத்தெருவில் ஆங்கிலம். பள்ளி முடித்ததும் நாங்கள் இருவரும் ஊர்க் கல்லூரியில் இரண்டு வருட போலீஸ் டிப்ளமோவில் சேர்ந்தோம். போலீஸ் ஆக வேண்டும் என்பது என் ஆசை, நாலு வயதிலிருந்து. அவளுக்கு அப்படி ஒரு மண்ணும் இல்லை. "கரீன் போறா, நானும் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒருநாள் வகுப்பறையைக் கொலை நடந்த வீடாக ஜோடித்திருந்தார்கள். கவிழ்ந்த நாற்காலி, ரத்தத்துக்குத் தக்காளி சாஸ், பிணத்துக்கு ஒரு துணிப் பொம்மை. இருபது பேரும் குற்றவாளி யார் என்று கத்திக்கொண்டிருந்தோம். இவள் மட்டும் தரையில் மண்டியிட்டு சாஸ் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், துளி வாலெல்லாம் கதவப் பாத்து நீண்டிருக்கு. அப்ப ரத்தம் நாற்காலிப் பக்கத்துலேருந்துதானே தெறிச்சிருக்கணும்? பொம்மை எதுக்குக் கதவுகிட்டக் கிடக்கு?"

ஆசிரியர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். தலையைச் சொறிந்தார். "பொம்மையப் போட்டது நான்தாம்மா. தப்பான எடத்துல போட்டுட்டேன். ஏ, எல்லாரும் கேட்டுக்குங்க, இந்தப் பொண்ணு போலீஸ் ஆகாது. தடயவியல் லேபுக்குப் போயிரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வயிறு எரிந்தது. அந்த மனுஷன் இரண்டு வருடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டிப்ளமோ முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்கு மூன்று தடவை போனேன். ஓட்டத்தில் தேறினேன், எழுத்தில் தேறினேன், நேர்காணலில் மூன்று தடவையும் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு வணிக வளாகத்தில் செக்யூரிட்டி ஆனேன். மிலேன் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்துக் கூண்டில் உட்கார்ந்தாள். சரி, இரண்டு பேரும் ஒரே மட்டத்தில்தான் இருக்கிறோம் என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஒரு ஜனவரியில், குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போன நாளில், அவளுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு போனேன். கையுறையோடு பென்சில் முனையால் புத்தகத்தின் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, இந்த வயசுல பள்ளிக்கூடப் புஸ்தகம்?"

"பன்னெண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரிடி. அன்னைக்கு எடுக்காம விட்டுட்டேன்ல. இது இல்லாம தடயவியல் பட்டத்துக்குச் சேத்துக்க மாட்டாங்களாம். தபால்ல படிக்கிறேன்."

"மொதல்ல காருக்குக் கம்பத்தத் தூக்கிவிடற வேலைய ஒழுங்காப் பாரு."

கேலி செய்கிறேன் என்று நினைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் கேலி செய்யவில்லை.

தொண்ணூற்றொன்று வாங்கினாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. சித்தி எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தாள். பட்டாணி சூப்பும், மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட டூர்த்தியேரும். சாப்பிடும்போதுதான் மிலேன் விஷயத்தை எடுத்தாள். டிப்ளமோவில் படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம். ஆனால் மதிப்பெண் பட்டியல் போதாது. எந்த வாரம் என்ன நடத்தினார்கள் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் நாள் ஒரு தாள் கொடுப்பார்களே, அதுவும் வேண்டும், நாங்கள் படித்த வருடத்துத் தாளே வேண்டும். எட்டுத் தாளும் இருந்தால் நேரே இரண்டாம் ஆண்டில் உட்காரலாம். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்து நாலு வருடம். அவளுடைய தாள்கள் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியபோது கூழாகிவிட்டன. கல்லூரியிலும் பழையதை வைத்திருக்கவில்லை.

"கரீன், உன்கிட்ட இருக்கும்ல? நீதான் ஒரு தாளக்கூட விடாம ஓட்ட போட்டு ஃபைல்ல வெப்பியே."

இருந்தது. என் கட்டிலுக்கு மேலே அலமாரியில், நீல ஃபைலில், எட்டும் வரிசையாக இருந்தன.

"அதெல்லாம் வீடு மாறும்போதே எறிஞ்சுட்டேன்டி" என்றேன். வாயில் இருந்த கறியைக்கூட முழுங்கவில்லை.

"போனாப் போகுது, விடு" என்று பீட்ரூட் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் பொறாமை, வேறென்ன? ஆசைப்பட்டவள் நான். சும்மா பின்னால் வந்தவள் அவள். எனக்கு மூன்று தடவை சாத்திய கதவு, அவளுக்கு மட்டும் அகலமாகத் திறக்கிறது. ஒரு வருடமாவது பிந்தட்டுமே என்று இருந்தது.

பழைய ஆசிரியர்களைத் தேடி அலைந்தாள். ஒருவர் இறந்துபோயிருந்தார். ஒருவர் ஏரிக்கரைக் குடிலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், அவரிடம் இரண்டு தாள் கிடைத்தது. இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருபத்தாறு வயதில், பதினெட்டு வயதுப் பெண்களோடு முதல் ஆண்டில் போய் உட்கார்ந்தாள்.

அதிலாவது என் மனம் ஆறியதா? எங்கே ஆற! ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு கதையோடு வந்தாள். செத்த பன்றியில் நெளியும் புழுவை அளந்து அது செத்த நாளைக் கண்டுபிடித்தார்களாம். "சாப்பிடற எடத்துல புழுவப் பத்திப் பேசாதடி, கழுத!" என்று சித்தி அதட்டுவாள், மேஜையே சிரிக்கும். நான் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் போய்விடுவேன்.

நானும் அந்த கெமிஸ்ட்ரியைப் படித்தேன். முட்டி மோதி எழுபத்திரண்டு வாங்கினேன். நானும் விண்ணப்பித்தேன். நீல ஃபைலிலிருந்து எட்டுத் தாளையும் எடுத்து அனுப்பினேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கடிதம் வந்தபோது அம்மா கையில் சிக்கிவிட்டது. அவளோ கையில் கிடைத்ததை எல்லாம் உரக்கப் படிக்கிற ஆள். சித்தி வீட்டில் சாப்பாட்டின் நடுவே எழுந்து நின்றே படித்தாள்.

"எட்டுப் பாடத்துக்கும் கிரெடிட் குடுத்துட்டாங்க! நேரா ரெண்டாம் வருஷம்! இனிமே ரெண்டு பேரும் ஒரே வகுப்பு!"

எல்லோரும் கைதட்டினார்கள். மிலேன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எட்டும் குடுத்துட்டாங்களா?"

"ம்."

"நல்லது" என்று எழுந்து சூப் எடுக்கப் போனாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு திட்டியிருப்பேன்.

செப்டம்பரில் முதல் லேப் வகுப்பு. அங்கே இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. ஒருத்தி தடயத்தை எடுத்துக் குறிப்பு எழுத வேண்டும், கூட இருப்பவள் கண்ணால் பார்த்துவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குக் கோர்ட்டில் பேசப்போவது அந்தக் கையெழுத்துதான். பேராசிரியை பட்டியலைப் படித்தார். மிலேன், கரீன் என்று சேர்த்தே படித்தார். மிலேன் அவர் மேஜைக்குப் போனாள்.

"மேடம், எனக்கு வேற ஆள் குடுங்க."

"ஏன்? ரெண்டு பேரும் சொந்தக்காரங்கன்னாங்களே."

"சொந்தந்தான். ஆனா அவ எழுதினதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேராசிரியை என்னை ஒரு தடவை பார்த்தார். பேனாவால் பெயரை மாற்றினார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. வகுப்பு முடிந்ததும் நடைவழியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கணுமாடி? வீட்டுலயே நாலு அறை விட்டிருக்கலாம்ல?"

"அன்னைக்கு நீ ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா நம்பியிருப்பேன். நான் கேட்டு வாய மூடறதுக்குள்ள எறிஞ்சுட்டேன்னு சொன்ன. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்டி மறுபடி கேக்கல? ஒரு வருஷம் போச்சே உனக்கு!"

"மறுபடியும் இல்லேன்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு, கரீன்" என்றாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனாள்.

இப்போது அவளுக்கு ஜோடி அனூக் என்று ஒரு பெண். என் பெஞ்சிலிருந்து பார்த்தால் இருவரும் நன்றாகத் தெரிவார்கள். அனூக் எழுதித் தள்ளுவதை மிலேன் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போடுகிறாள். எனக்கு இப்போதெல்லாம் பொறாமை அந்த அனூக் மேல்தான்.