உள்துறைமுகத்தைப் பார்த்த கதிரை

எங்கள் வானிலைக் கந்தோரின் பெரிய ஜன்னல் திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. சுற்றிவர மலைகள். வெளியே எந்தக் காற்று அடித்தாலும் அந்தத் தண்ணீர் தட்டில் ஊற்றிய தேநீர் மாதிரி அசையாமல் கிடக்கும். அந்த ஜன்னலுக்கு முன்னால் எங்கள் அதிகாரியின் கதிரை போடப்பட்டிருப்பதுதான் மாவட்டத்தின் ஆகப் பெரிய அனர்த்தம் என்பது என் தொழில்நுட்ப அபிப்பிராயம்.

தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் வானிலை முன்னறிவிப்பை எங்கள் பகுதிக்கு ஏற்றபடி தமிழில் எழுதுவது என் வேலை. அதிகாரி கையொப்பமிட்டு முத்திரை விழுந்தால் அது மீனவர் சங்கத்துக்குப் போகும். சங்கம் கடற்கரையில் சிவப்புக் கொடி ஏற்றும். கொடி ஏறினால் ஒருவரும் வள்ளம் இறக்கமாட்டார்கள். ஏறாவிட்டால் எல்லோரும் இறக்குவார்கள். தனியாக ஒருவர் மட்டும் கரையில் நிற்கும் வழக்கம் அங்கே இல்லை. நின்றவரின் கதை வருடக்கணக்காக ஓடும்.

அன்று, ஐப்பசி முடிகிற நேரம், என் குறிப்புப் புத்தகத்தில் நான்கு வரி எழுதினேன். தாழமுக்கம் கிழக்கிலிருந்து நெருங்குகிறது. மாலையில் காற்று பலக்கும். வெளிக்கடல் கொந்தளிக்கும். கடிதம் மூன்று மணிக்கு முன் போகவேண்டும்.

நான்காவது வரிக்குக் காரணம் குசினியில் நின்றது. எங்களுக்குத் தேநீர் போடும் அக்கா.

"தங்கச்சி, மனுசன் மூண்டு மணிக்கு வள்ளம் இறக்குதாம். கடிதம் எப்ப போகும்?"

"சேர் கையெழுத்து வைச்சதும் போகும் அக்கா. நீங்கள் போகவேண்டாமெண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னனான். கொடி ஏறினதோ எண்டு கேக்குது. பெஞ்சாதி சொல்லி நிண்டதெண்டால் சிரிப்பாங்களாம்."

பதினொரு மணிக்கு அதிகாரி கடிதத்தை வாசித்தார். பிறகு கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பினார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் நேரடி ஆய்வு.

"எங்க பிள்ளை காத்து?"

"அது வெளிக்கடலில, சேர்."

"இதுவும் கடல்தானே. 'பலத்த காற்று' எண்டு போட்டிருக்கிறீங்கள். 'ஓரளவு பலத்த' எண்டு மாத்துங்கோ. சனத்தைப் பயப்படுத்தக்கூடாது."

மாற்றினேன். பன்னிரண்டு மணிக்கு, 'கடலுக்குச் செல்லவேண்டாம்' என்ற வரியை வெட்டினார். அதைச் சொல்வது வேறு திணைக்களத்தின் உரிமையாம். "நாங்கள் காத்தைப் பற்றி மட்டும் கதைப்பம்." அதையும் மாற்றினேன். ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்கு மறுபடி ஜன்னல், மறுபடி திருத்தம். நான்காவது பிரதியில் எங்கள் புயல் மாலை நேர உலாவுக்கு உகந்ததாக ஆகிவிட்டது. அதிலும் அவர் கையொப்பமிடவில்லை. "இன்னும் கொஞ்சம் பாப்பம்."

என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கவேண்டும். நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. பிரதிகளுக்கு ஒழுங்காக இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்கு அக்கா வெறுங்கையோடு வந்தார்.

"சேர், குசினிக்குள்ள எறும்பு மருந்து அடிச்சிருக்கு. தேத்தண்ணி மேல மொட்டைமாடியில வைச்சிருக்கிறன்."

"இஞ்ச கொண்டு வாங்கோவன்."

"முழங்கால் நோகுது சேர். படி இறங்க ஏலாது."

இதைச் சொல்லத்தான் அவர் இரண்டு மாடி இறங்கி வந்திருந்தார். அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. தேநீர் விடயத்தில் அவருக்கு ஆய்வு தேவைப்படுவதில்லை. அவர் எழுந்தார். நான் முதலாம் பிரதியையும் பேனையையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மொட்டைமாடி ஊரின் மறுபக்கக் கடலைப் பார்த்தது. கதவைத் திறக்கவே மூவரும் சேர்ந்து தள்ளவேண்டியிருந்தது. வெளியே வந்ததும், இடது காதிலிருந்து வலது காதுவரை பக்குவமாகச் சீவி ஒட்டியிருந்த அவருடைய முடி எழுந்து நின்றது. பிளாஸ்டிக் தட்டு ஒன்று பறந்து பக்கத்து வளவுக்குள் விழுந்தது. கடல் கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. கீழே கரையில், ஆட்கள் வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த நீல வள்ளம் எங்கட, சேர்," என்றார் அக்கா.

அதிகாரி தண்ணீர்த் தாங்கியை இறுகப் பிடித்தபடி வள்ளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உந்தக் கடிதம் எங்க?"

தாங்கியோடு அழுத்திப் பிடித்துக் கொடுத்தேன். வாசிக்காமல் கையொப்பமிட்டார். 'பலத்த காற்று' என்றும் 'செல்லவேண்டாம்' என்றும் அதில் அப்படியே இருந்தன. முத்திரை குத்தி, அங்கேயே கைபேசியில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கொடி ஏறியது. நீல வள்ளத்தைச் சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு வள்ளத்தை மேலே இழுக்கத் தொடங்கினார்கள். அக்காவின் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அவருடைய மனுசன் ஏசிய சத்தம் எனக்கே கேட்டது.

"ஓம், ஓம், வீட்ட வந்து பேசுங்கோ," என்று வைத்துவிட்டு, அதிகாரியிடம் கோப்பையை நீட்டினார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை, 'அதிகாரி தாமே நேரில் அவதானித்து உரிய வேளையில் எச்சரித்தார்' என்ற அறிக்கையை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவர் ஜன்னலடியில் இருந்தார். துறைமுகம் வழக்கம்போலத் தட்டையாகக் கிடந்தது.

அக்கா பிந்தித்தான் வந்தார். காற்று அவர் வீட்டுக் கூரையில் இரண்டு தகடுகளைக் கொண்டுபோயிருந்தது.

"மனுசன் மேல நிண்டு ஆணி அடிக்குது தங்கச்சி," என்றார். "மீன் போச்செண்டு விடியத் தொடங்கின பேச்சு, இன்னும் நிக்கேல்லை."

பேசட்டும் என்று கேத்தலை அடுப்பில் வைத்தார்.