இருநூற்றொரு டொலருடன் மேற்கே

சனிக்கிழமை காலை ஒன்பதரை. நகரத்தின் கிழக்கே, அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் நண்பன் குகனின் கார் வந்து நின்றபோது, என் பயணம் சமையலறை மேசையிலேயே முடிந்துவிடும்போல இருந்தது. நகரத்தின் மேற்கு ஓரத்தில், முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள சூதாட்டக் கசினோவுக்கு முதன்முறையாகப் போக்கர் சீட்டு விளையாடப் போகிறேன். எவ்வளவு காசு கொண்டுபோவது என்பதில் எனக்கும் மனைவி சாந்திக்கும் வழக்கு.

"ஐந்நூறு," என்றேன்.

"போன கிழமை முருங்கைக்காய்க்கு ஒரு டொலர் கூடப் போட்டிட்டினம் எண்டு பில்லோட திரும்பிக் கடைக்குப் போன ஆள் நீங்கள். தோத்தாலும் வாய் திறக்காமல் இருக்கக்கூடிய காசு எவ்வளவோ, அதைக் கொண்டுபோங்கோ. வந்து புலம்பினால் இதுதான் கடைசிப் பயணம்."

நியாயமான தீர்ப்பு. யோசித்துவிட்டு இருநூறு என்றேன். அவள் அதை ஒரு கல்யாண என்வலப்பில் வைத்து, வழக்கப்படி ஒரு டொலர் நாணயக் குற்றியும் போட்டாள். மொட்டையாக இருநூறு கொடுப்பது எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. வங்கி அட்டையை மேசையில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

401 நெடுஞ்சாலையில் அன்று நெரிசல் இல்லை. குகன் கிழமை நாட்களில் பிறம்ரனில் லொறி ஓட்டுபவன், மாதம் ஒருமுறை போக்கர் ஆடுபவன்.

"மேசையில முந்நூறு எண்டால் பொக்கற்றில தொளாயிரம் இருக்கவேணும் அண்ணை. இருநூறு ஒரு பிழைக்குத்தான் காணும்."

"நான் பிழை விட்டால்தானே," என்றேன். முப்பது வருடமாக வீட்டில் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும் கை இது.

பத்தரைக்கு மேசையில் அமர்ந்தோம். மேசையில் வைக்கக் குறைந்தது நூறு, கூடியது முந்நூறு என்று சொன்னார்கள். என் இருநூறும் காசுக்குப் பதிலான வில்லைகளாக மாறி இரண்டு சிறு அடுக்காய் நின்றது. அரை மணித்தியாலம் ஒழுங்காக, கையைக் காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு வந்தது ஒரு ஜாக்கும் ஒரு ஒன்பதும், இரண்டும் இஸ்பேட்.

முந்நூற்றுநாலில் ஜாக்தான் பெரிய கடுதாசி, அடுத்தது ஒன்பது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கள் வீட்டில் ஆட்கள் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள். நானும் கதிரையில் நிமிர்ந்தேன். போக்கரில் ராசா ஜாக்கை விடப் பெரியது என்பதை நேற்றிரவுதான் படித்திருந்தேன். ஆனால் கை படிப்பைக் கேட்கவில்லை. இருநூறையும் முன்னே தள்ளிவிட்டேன்.

எதிரே இருந்த சீன அம்மா ஈடாகத் தானும் இருநூறைத் தள்ளிவிட்டு, சிரித்தபடி இரண்டு ராசாக்களை விரித்தார். மேசையில் எல்லாருக்கும் பொதுவாக விழுந்த ஐந்து கடுதாசியும் எனக்கு உதவவில்லை. பதினொரு மணி ஐந்து நிமிடத்துக்கு எனக்கு முன்னால் வெறும் பச்சைத் துணி.

குகன் இருநூறை நீட்டினான். "பிடியுங்கோ அண்ணை. உது ஒரு கைதானே."

வாங்க ஆசையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், கை பாதி நீண்டும்விட்டது. வாங்கினால் நான் கொண்டுவந்தது இருநூறு அல்ல, நானூறு. சாந்திக்கு நான் சொன்ன கணக்கு அது இல்லை.

"வேண்டாம். நீ விளையாடு, நான் இருக்கிறன்."

வெளியே வந்து கோப்பி குடிக்கலாமென்றால் என்னிடம் ஒரே ஒரு டொலர். அதற்கு இந்த ஊரில் கோப்பி கிடையாது. ஒன்றரை மணித்தியாலம் தண்ணீர் குடித்தேன். குகன் நாற்பது டொலர் வென்று வந்து உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தந்தான். இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

இரண்டு மணிக்கு வீடு. எங்கள் வீட்டுச் சீட்டாட்டத்தில் தோற்றவர் தேத்தண்ணீர் போடவேண்டும், அதோடு கணக்குச் சரி. நேராகச் சமையலறைக்குப் போய்க் கேத்திலை வைத்தேன். சாந்தி என்வலப்பைத் திறந்து ஒற்றைக் குற்றியைப் பார்த்தாள். நான் புலம்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சீனி போட்டேன்.

"அப்ப அடுத்தமுறைக்கும் இருநூறுதானே?" என்றாள்.

"நூற்றைம்பது காணும்," என்றேன்.