நிக்கிறான் என்று ஒரு குறிச்சொல்

எங்கள் தளத்தில் விதி ஒன்றுதான்: படத்தில் கண்ணுக்குத் தெரிவதை எழுது, தெரியாததை எழுதாதே. மற்ற விதிகளெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

மாதம் ஒருமுறை சாணித்தாளில் வந்துகொண்டிருந்த ஒரு காமிக்ஸ் அது. மலை பங்களாக்களில் பேய் பிடிக்கும் முகமூடிக் குதிரைவீரன் அதன் நாயகன். புத்தகம் நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகியும் அவனை விட மனமில்லாத நாங்கள், மதுரையிலும் சென்னையிலும் டொராண்டோவிலுமாகச் சிதறிக் கிடந்தவர்கள், ஆளாளுக்கு அவனை வரைந்து ஒரே இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். படங்கள் குவிந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. குதிரை உள்ள படங்களைத் தேடினால் பாதிதான் வரும். மீதியில் ஒருவர் ‘வெள்ளைக்குதிரை’ என்று ஒட்டி எழுதியிருப்பார், ஒருவர் ‘புரவி’ என்று இலக்கியம் படைத்திருப்பார், ஒருவர் குதிரையையே மறந்து ‘சூப்பர்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போயிருப்பார். எல்லாப் படத்துக்கும் ஒரே சீராகக் குறிச்சொல் போட ஆள் வேண்டும் என்று தளத்தை நடத்திய டொராண்டோ அண்ணன் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான். கொடைக்கானலில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் செண்பகனூர் வீட்டுக்குள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது.

இரண்டாவதாகக் கை தூக்கியவனும் எங்கள் ஊர்தான் என்பது ஒரு நாற்காலிச் சண்டையில் தெரியவந்தது.

ஏழு ரோட்டுப் பக்கம், ஸ்வெட்டர் கடைக்கு மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். மற்ற மெஷின்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஜன்னலோரத்து மூன்றாவது மெஷினில் மட்டும் எழுத்தாகத் தெரியும், தமிழில் அடிக்கவும் முடியும். ஆனால் அதன் திரையில் ஒரு கோளாறு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான், கூட்டிய நிலையிலேயே உடைந்து போயிருந்தது. கறுப்பெல்லாம் அதில் சாம்பலாகத் தெரியும். கண் வலிக்கிறது என்று சாட்டிங் செய்ய வரும் பையன்கள் அதைத் தொட மாட்டார்கள். எனக்கு அது வேண்டும். அவனுக்கும் அது வேண்டும். கல்லூரி விட்டு நான் வரும்போது அவன் உட்கார்ந்திருப்பான், எழுந்திருக்க மாட்டான். எட்டிப் பார்த்தால் திரையில் எங்கள் தளம்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தான். வட்டக்கானலில் வீடு. அந்த மெஷினில் இணையத்தைத் திறக்க இரண்டு பிரவுசர்கள், திரையில் இரண்டு சின்னப் படங்களாக இருந்தன. நீல எழுத்து எனக்கு, நரி அவனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவரவர் கணக்கு அவரவர் பக்கத்தில் திறந்தபடியே கிடக்கும். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்கிற வேலை மிச்சம்.

வேலையில் எங்கள் முதல் தகராறு பேய் விஷயத்தில். ‘பேய்’, ‘ஆவி’, ‘பிசாசு’, ‘மோகினி’ என்று நாலு விதமாகக் கிடந்ததை எல்லாம் நான் ‘பேய்’ என்று ஒன்றாக்கினேன். பிசாசு கோபித்துக்கொண்டால் தன் பொறுப்பில்லை என்றான். கடைசியில் டொராண்டோ அண்ணன் ஒரு வசதி செய்து கொடுத்தார். யார் ‘ஆவி’ என்று குறிச்சொல் போட்டாலும், தேடினாலும் அது ‘பேய்’க்குக் கொண்டுபோய் விடும். நாங்கள் அதற்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தோம், மலை ரோட்டில் நிற்கிற கைகாட்டி மரத்தை நினைத்து.

நான் வேகம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிடுவேன். அவன் ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தாடையைத் தடவுவான். அதைச் சொல்லிக் காட்டினால் சென்டர்க்காரர் காதில் விழும்படி சொல்வான்:

“டீச்சரம்மா எங்கண்ணே படத்தைப் பாக்குறாங்க? அட்டென்டன்ஸ்தான் எடுக்குறாங்க.”

“நீங்க ஒரே படத்தை நாள்பூரா பாத்துக்கிட்டிருந்தா மிச்சத்தை எந்தப் பேய் வந்து பாக்கும்?” என்றேன் நான்.

சீசன் கூட்டம் இறங்கி மழை பிடித்த ஒரு சாயங்காலம், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், மேகம் இறங்கி ரோடே தெரியாத நேரத்தில், அவன் பைக் ஒட்டன்சத்திரம் போகிற காய்கறி லாரி ஒன்றில் மோதியது. எனக்கு மறுநாள் பஸ்ஸில்தான் தெரிந்தது. அடக்கத்துக்குப் போனேன். அந்த வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது, குடைகளுக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். தளத்தின் நெற்றியில் அண்ணன் ஒரு கறுப்புப் பட்டை போட்டார். மூன்றாவது மெஷினில் நரியை நான் தொடவே இல்லை.

மழை கொஞ்சம் விட்ட பிறகு ஒரு நாள், நான் முடித்து வைத்த ஒரு படத்தில் புதிதாக ஒரு குறிச்சொல் ஒட்டியிருந்தது. ‘நிக்கிறான்’.

பேச்சு வழக்கு, வினைச்சொல், இரண்டுமே எங்களிடம் ஆகாது. எவரோ புதுசு என்று நினைத்து, போட்டது யார் என்று பார்த்தேன். எங்கள் தளத்தில் ஒவ்வொரு சொல்லின் கீழும் போட்டவர் பெயர் நிற்கும். அவன் பெயர் நின்றது. போட்டது முந்தின நாள்.

கை சில்லென்று ஆனது என்று எழுதினால் கொடைக்கானலில் அதற்கு அர்த்தமில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். விதிப்படி அந்தச் சொல்லை நீக்கினேன், உடனே எழுந்து கீழே போய்விட்டேன். மறுநாள் அது திரும்ப இருந்தது. வேறு படங்களிலும் இருந்தது. நீக்கினேன். வந்தது. எந்தப் பேய் வந்து பார்க்கும் என்று நான் கேட்டதற்கு யாரோ பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகவே பட்டது. டவுன் பஸ்ஸில் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்ப்பதை நிறுத்தினேன். கல்லூரியில் தோழிகளிடம் சொல்ல வாயெடுத்து, எங்கே சிரித்துவிடுவார்களோ என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் நீக்குவதற்கு முன்னால் படத்தைப் பார்த்தேன். சும்மா, அவன் பார்ப்பது போல. பங்களா வாசலில் குதிரை, முகமூடி வீரன், கையில் விளக்கு. இதையெல்லாம் நான் எப்போதோ எழுதிவிட்டேன். வாசலுக்கு வெகு பின்னால், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, கறுப்புக்குள் கறுப்பாக ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். வரைந்தவர் கதையின் வில்லனைத்தான் அங்கே ஒளித்திருக்க வேண்டும். அடுத்த படத்தில் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒருவன். அதற்கடுத்ததில் கிணற்றுக்கு அந்தப்பக்கம். ‘நிக்கிறான்’ என்று இருந்த ஒவ்வொரு படத்திலும் எங்கேயோ ஒருவன் நின்றான். எல்லாம் நான் கடந்து போன படங்கள். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. என்னைவிட ஒழுங்காக யாரோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், செத்துப்போனவன் பெயரில்.

அதே வாரம் டொராண்டோ அண்ணனின் தகவல் வந்தது. அவருக்கும் அது கண்ணில் பட்டிருந்தது. யாரோ அந்தத் தம்பியின் கணக்கைத் திருடியிருக்கிறார்கள், இது அவனுக்கு அவமரியாதை, மாதக் கடைசியில் கணக்கையே அழிக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தார். கணக்கை அழித்தால் அவன் இருந்தபோது தாடையைத் தடவித் தடவிப் போட்ட சொற்களெல்லாம் சேர்ந்து போகும். தவிர, அவர் திரையில் அந்தப் படங்களில் யாரும் நிற்கவில்லையாம். வெறும் இருட்டுதானாம்.

வெறும் இருட்டு என்ற இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் படங்களைத் திறந்தேன். மரங்களுக்கு நடுவே மையிருட்டு, ஆள் இல்லை. மூன்றாவது மெஷினில் மட்டும்தான், கறுப்பு சாம்பலாக வெளுத்துப்போகிற அந்தத் திரையில் மட்டும்தான், அவர்கள் நின்றார்கள். அப்படியானால் அந்தச் சொல்லைப் போடுவது உலகத்தில் எங்கேயோ இருக்கிற திருடன் இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து போடுகிறார்கள். சில சனிக்கிழமை காலைகளில் நான் போகும்போது அந்த நாற்காலி மெத்தை வெதுவெதுப்பாக இருந்ததும், பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் ஒரு கை அளவுக்குப் பனி துடைத்திருந்ததும் அப்போதுதான் நினைவில் கூடின. அந்தக் குளிரில் வெதுவெதுப்பு நிற்க வேண்டுமென்றால் ஆள் இப்போதுதான் எழுந்து போயிருக்க வேண்டும்.

சென்டர்க்காரரிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். “ஒரு அக்கா வெள்ளனே வருவாங்கம்மா, ஹோட்டல் சோலிக்குப் போறதுக்கு முந்தி. அந்தத் தம்பியோட கூடப்பிறந்தவங்க. ஒங்களுக்குத் தெரியாதா?”

அடுத்த சனிக்கிழமை, சென்டர் ஷட்டர் திறக்கும் முன்பே நான் படியில் நின்றேன். அவர் வந்தார். ஒரு பெரிய ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்ட், சீருடைச் சேலைக்கு மேல் தம்பியினுடையது போலத் தெரிந்த பெரிய ஜெர்க்கின். தளத்தில் எனக்கிருக்கும் பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது.

“நீங்கதானா டீச்சரம்மா” என்றார். “நான் போடப் போட எடுக்குறது நீங்கதானா?”

ஷட்டர் திறந்து உள்ளே போனதும், கணக்கை அழிக்கப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். விஷயத்தைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். தம்பி உயிரோடு இருந்தபோது ஒரு நாள் அவரை இங்கே கூட்டிவந்து படங்களைக் காட்டியிருக்கிறான். எல்லாரும் குதிரையையே பார்ப்பார்கள், நீ பின்னாடி யார் நிற்கிறான் என்று பார் என்று சொல்லியிருக்கிறான். அடக்கம் முடிந்து, அவன் பாக்கி ஏதும் வைத்திருக்கிறானா என்று விசாரிக்க சென்டருக்கு வந்தவர், பாக்கி இல்லை என்றதும் போக மனமில்லாமல் அந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். நரியைத் தொட்டதும் அவன் பக்கம் திறந்திருக்கிறது. மறுபடி வந்தால் இதே படங்களைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, கண்டதைக் கண்டபடி ஒரு சொல்லாகப் போட்டுவைத்திருக்கிறார்.

“நெறையப் படத்துல போட்டிருக்கீங்கல்லக்கா, எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “எங்க வீட்டு வாசல்ல மேகம் எறங்குனா அங்கன அவன் நிக்கிற மாதிரியே இருக்கும்மா. கிட்டப் போய்ப் பாத்தா ஒண்ணுமில்ல, வெறும் மேகந்தான் கெடக்கு. இங்க அப்படியில்ல. கிட்டப் பாத்தாலும் நிக்கிறான்.”

அந்த மாதம் முழுவதும் நான் டொராண்டோவோடு சண்டை போட்டேன். திரையின் வெளிச்சத்தைக் கடைசிவரை கூட்டிப் பாருங்கள் என்று முதலில் எழுதினேன். அண்ணன் மறுநாள் கூட்டிப் பார்த்தார். பிறகு, ‘ஆமாம், இருக்கிறார்கள். எனக்கு இங்கே ராத்திரி, இதை ஏன் இப்போது சொன்னாய்’ என்று எழுதினார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு சட்டம் பேசினோம். பேச்சு வழக்கை விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு சொல் வரும், ஒரு வருடத்து வேலை வீண் என்றார். அது எனக்கும் தெரியும், அந்த விதியை எழுதியவர்களில் நானும் உண்டு. கடைசியில் ‘பின்னால் நிற்பவர்’ என்று முறையான சொல் ஒன்றை வைத்தோம். ‘நிக்கிறான்’ என்று அடித்தால் அங்கே கொண்டுபோய் விட ஒரு கைகாட்டி. தம்பியின் கணக்கை அழிக்காமல் பூட்டிவைத்தார். அக்காவுக்குப் புதிதாக ஒன்று திறந்து கொடுத்தேன், என் பக்கத்தில், நீல எழுத்தில்; ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்கிற வேலை எனக்குத் திரும்ப வந்தது. என்னதான் கைகாட்டி இருந்தாலும் அவர் எப்போதும் பழைய சொல்லைத்தான் அடித்தார். அது பாட்டுக்குப் புதிய சொல்லாக மாறிக்கொண்டது. விதிக்கும் குறைவில்லை, அவருக்கும் குறைவில்லை. எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நான் ஒரு படம் ஏற்றினேன். மலை ரோட்டு வளைவு, இருட்டிக்கொண்டு வருகிற மேகம், முகமூடி வீரன் இல்லாமல் குதிரை மட்டும் தலை குனிந்து நிற்கிறது. குறிச்சொற்களை நானே போட்டேன். குதிரை, ரோடு, மேகம், மாலை. அவ்வளவுதான், வேறொன்றும் அதில் இல்லை.

இரண்டொரு நாளில் பார்த்தபோது ‘பின்னால் நிற்பவர்’ என்று சேர்ந்திருந்தது. போட்டது அக்கா.

இது எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மற்றவர் படமென்றால் சரி, இது நான் வரைந்தது. இதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எனக்குத் தெரியாதா? இல்லாத ஆளுக்குச் சொல் போட விட்டால் அவர் வீட்டு வாசல் மேகம் தளத்துக்குள்ளும் வந்துவிடும், பிறகு எந்தப் படத்தையும் அவராலேயே நம்ப முடியாது. சனிக்கிழமை நேரில் சொல்லிவிட்டுத்தான் நீக்க வேண்டும் என்று போனேன். வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

“யாருமில்லையேக்கா இதுல.”

“நல்லாப் பாருங்க” என்றார்.

வளைவின் ஓரத்தில், குதிரைக்கு இடது பக்கம், அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். சாம்பலில் சாம்பலாக ஒரு தோள். அதற்கு மேல் கொஞ்சம் சாய்ந்த தலை. கை தாடையில்.

முதலில் அவனை வரைந்திருந்தேன். பென்சிலில். முகம் சரியாக வரவில்லை, எனக்கு அவன் முகம் அவ்வளவு நினைவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ரப்பர் போட்டுச் சுத்தமாக அழித்துவிட்டு, அதன் மேல் மேகத்தை மையால் நிரப்பினேன். பென்சில் அழுந்திய பள்ளங்களில் மை கொஞ்சம் கூடுதலாக ஊறியிருக்கிறது. ஸ்கேன் செய்தபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் நீக்கவில்லை. அக்கா வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது, உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, எதிரே இருந்த கடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் டொராண்டோ அண்ணன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். திரும்பப் போட்டேன். வெளிச்சத்தை முழுதும் கூட்டிப் பார்த்துவிட்டேன், இங்கே எவரும் தெரியவில்லையே, விதி என்ன ஆயிற்று என்று எழுதினார்.

மூன்றாவது மெஷினில் தெரிகிறது என்று பதில் எழுதினேன்.