அம்மாவின் இடது காலில் ஐந்தாம் நம்பர்

தண்டுவடம் எங்கே முடிகிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். "வால் எலும்பில்" என்று அடித்துச் சொன்னேன். தெரியாத விஷயத்தைத்தான் நான் எப்போதும் சத்தமாகச் சொல்வேன். நர்சிங் முதல் வருடத்து உடற்கூறியலில் அந்தப் பதிலோடு மண்ணைக் கவ்வினேன். பத்து நாளில் சப்ளி என்கிற மறுதேர்வு. அதிலும் போனால் ஒரு வருடம் பின்தங்க வேண்டும்; தேயிலைக் கொழுந்து கிள்ளி என்னைப் படிக்கவைக்கும் அம்மாவுக்கும் ஒரு வருடம் கூடுதல்.

வண்டிப்பெரியாருக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் படிக்க வந்தேன். வரும் வழியில்தான் விஷயம் பிடிபட்டது. பஸ் தோட்டத்தின் மேல் டிவிஷனோடு திரும்பிவிடும். கீழ் லயத்துக்காரர்கள் அங்கேயே இறங்கி, கூட்டமாக ஒரே பாதையில் நடந்து, அவரவர் வாசலில் பிரிவார்கள். தண்டுவடமும் இடுப்பின் மேல்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே போகவேண்டிய நரம்புகள் குதிரைவாலாகக் கொத்தாக இறங்கி, தங்கள் எலும்பு இடுக்கு வந்ததும் வெளியேறுகின்றன. இது தெரியாமல் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்திருந்தேன், சனியன்.

அடுத்தது, எந்த நரம்பு எந்தத் தோலைப் பார்த்துக்கொள்கிறது என்பது. முப்பத்தோரு ஜோடி நரம்புகள், கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் உடம்பில் ஒரு பட்டை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பாயில் உட்காரவைத்து, இரண்டு காலிலும் பேனாவால் கோடு போட்டு நம்பர் எழுதினேன்.

"எலெக்சன் செவுரு மாதிரி ஆக்கிட்டியேடி" என்றாள்.

கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்றுக் குச்சியால் மெல்லக் குத்தினேன். படுகிறதா என்று அவள் சொல்ல வேண்டும். எல்லா இடத்துக்கும் "படுது" என்றாள். சந்தேகம் வந்து, குச்சியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இப்ப?" என்றேன்.

"நல்லா படுது புள்ள."

கோபம் தலைக்கேறியது. "தொடவே இல்லம்மா! பொய் சொன்னா நான் எப்பிடிப் படிக்கிறது?"

"படலன்னு சொன்னா நீ தப்பா எழுதிட்டன்னு ஆயிரும்ல? அப்புறம் இதுலயும் பெயிலாயிட்டா?"

என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். வலது கால் ஒழுங்காகப் பதில் சொன்னது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், பாதத்தின் மேல்புறம், பெருவிரல், மூன்று இடத்திலும் அம்மா வாயே திறக்கவில்லை. மூன்றும் நான் ஐந்து என்று எழுதிய பட்டைக்குள் இருந்தன.

"எத்தன நாளா இப்பிடி?"

"நீ காலேஜ் சேந்த மழையில இருந்து. நல்லதுதானே? மத்தவளுக அட்டைக்குப் பயந்து காலெல்லாம் மூக்குப்பொடி தடவிக்கிட்டு நிக்கிறாளுக. இந்தக் கால்ல அட்டை ஏறுனாலும் எனக்குத் தெரியாது. எல்லாவளுக்கும் பொறாம."

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. விடுமுறைக்கு விடுமுறை வந்து, அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி ஐந்தாம் இடுப்பு நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். நல்லவேளை, கால் இன்னும் பலம் இழக்கவில்லை. மருந்தும் பயிற்சியும் போதும், கொழுந்து மூட்டை மட்டும் தூக்கக் கூடாது என்றார். அம்மாவின் காதில் நம்பர் மட்டும்தான் விழுந்தது.

"எம்மகளும் அஞ்சுன்னுதான் எழுதுனா சாரே. அவளுக்குப் பாஸ் போட்டுருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

சப்ளி அன்று, முதல் தடவை என்னைப் பெயிலாக்கிய அதே மிஸ். தண்டுவடம் எங்கே முடிகிறது என்பதற்கு, வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பதில் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். "ஐந்தாம் இடுப்பு நரம்பு அழுந்தினால் நோயாளி உன்னிடம் வந்து என்ன சொல்வாள்?"

பெருவிரல் மரத்திருக்கிறது என்று சொல்வாள். அதுதான் புத்தகத்தில் இருக்கும் விடை.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மிஸ்" என்றேன். "நாமதான் காலத் தொட்டுப் பாக்கணும்."