பச்சைக் கோடு போட்ட செல்கள்

ஹூன்பிஷ் என்ற பெயருக்கு 'மனிதன் அல்ல' என்று பொருள். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதைத் தேடி எது வந்தாலும், இங்கே இருப்பது மனிதப் பிள்ளை இல்லையே என்று ஏமாந்து திரும்பட்டும் என்று அப்பா வைத்த பெயர். பெயர் நன்றாகவே வேலை செய்தது. வயது நாற்பதைத் தாண்டியும் அவனைத் தேடி எதுவும் வரவில்லை. பெண்டாட்டிகூட வரவில்லையே என்று சந்தையில் கேலி பேசுவார்கள்.

வந்ததெல்லாம் பழைய ஹைபிரிட் வண்டிகள்தான். உலான்பாதர் கார்ச் சந்தைக்குப் பின்புறம், கப்பல் சரக்கு ஏற்றிவந்த இரும்புப் பெட்டிகளை வரிசையாக இறக்கிப் பட்டறைகளாக்கியிருக்கிறார்கள். கடைசிப் பெட்டி ஹூன்பிஷ்ஷுடையது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டி கப்பலேறி, ரயிலேறி இங்கே வந்து இன்னொரு ஆயுள் ஓடும். குளிரில் மற்ற வண்டிகள் இருமிக்கொண்டு கிடக்கும்போது இது சத்தமே இல்லாமல் நகர்ந்துவிடும். அதனால்தான் ஊரில் எங்கே பார்த்தாலும் இதே வண்டி.

ஆனால் வயதானால் இதற்கும் எல்லாம் வரும். என்ஜின் எண்ணெய் குடிக்கும். தண்ணீர் சுற்றும் பம்பு நின்றுபோகும். பிரேக்கை மிதித்தால் உள்ளே யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அதற்கான பெட்டியை மாற்றினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய நோய், பின் இருக்கைக்குப் பின்னால் கிடக்கும் பேட்டரி சோர்ந்துபோவது. புதிது போட்டால் வண்டி விலையில் பாதி ஆகும். அதனால் எல்லாரும் ஹூன்பிஷ்ஷிடம் வருவார்கள். அவன் பேட்டரியைத் திறந்து, தடித்த புத்தகங்கள்போல அடுக்கியிருக்கும் செல்களில் செத்ததை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவான். ஒரு செல் எண்பதாயிரம் துக்ரிக்.

அந்த வேறொன்று, நொறுங்கிய வண்டிகளிலிருந்து காயலாங்கடை வழியாக வரும். ஒவ்வொரு வண்டியின் செல்களுக்கும் ஒரு நிறத்தில் நகச்சாயக் கோடு போட்டு அலமாரியில் அடுக்குவது அவன் வழக்கம். ஒரே வண்டியில் வளர்ந்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். எந்த வண்டி, எப்படி நொறுங்கியது என்று மட்டும் அவன் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

குளிர்காலத்தின் பின்பாதியில் ஒரு நாள், ஊதா நிறத் தேல் அங்கியும் கம்பளித் தொப்பியுமாக ஒரு பெண் பெட்டிக்குள் வந்தாள். பெயர் செவெல்மா என்றாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"காயலாங்கடையில உன் பேரைச் சொன்னாங்க, தம்பி. வெள்ளை வண்டி. முன்பக்கம் பூரா அப்பளமா நொறுங்கினது. அதோட பேட்டரிய நீதானே வாங்கின?"

"நிறைய வண்டி வருது, அக்கா."

"என் பையனோட வண்டி. அவன் போய் நாப்பத்தொன்பது நாள் முடியறதுக்குள்ள எங்க மாப்பிள்ளை வித்துட்டான். எனக்குத் தெரியாது."

ஹூன்பிஷ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

லாமாவிடம் போய்க் கேட்டாளாம். அவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, உன் பிள்ளையுடைய ஏதோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அது ஓடும்வரை அவனும் கூடவே ஓடுவான், நாற்பத்தொன்பதாம் நாளுக்குள் அதை நிறுத்து என்றாராம். கைக்கடிகாரத்தை நிறுத்தினாள். கைபேசியை அணைத்தாள். அதற்கப்புறம்தான் வண்டியின் நினைவு வந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடு. காசு தர்றேன்."

மகனின் பெயரை அவள் சொல்லவில்லை. இறந்தவரின் பெயரை அந்த நாற்பத்தொன்பது நாளுக்குள் யாரும் சொல்லமாட்டார்கள். ஹூன்பிஷ்ஷும் கேட்கவில்லை. அலமாரியைப் பார்த்தான். இந்தக் குளிர்காலத்தில் வந்தவை பச்சைக் கோடு போட்ட செல்கள் மட்டும்தான்; அவற்றில் நாலைந்துதான் மிச்சம். பாதி முன்பே செத்திருந்ததால் காயலாங்கடைக்கே திரும்பி, உருக்குவதற்குப் போய்விட்டன. நல்லவை மூன்று வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்களின் முகம் அவனுக்கு மறந்துவிடும். வண்டி மறக்காது.

முதல் வண்டி ஒரு பள்ளிக்கூட ஆசிரியையுடையது. பேட்டரியை இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்று கூப்பிட்டான்.

"நீங்களா? இலவசமாவா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பேட்டரிக்குக் காற்று அனுப்பும் விசிறி முழுக்க நாய்முடி. அதைச் சுத்தம் செய்து, பச்சைக் கோடுகளை எடுத்துவிட்டு அலமாரியிலிருந்து வேறு நிறத்தைச் செருகினான்.

"அப்படியே அந்த மணியையும் பாத்துடுங்க, அண்ணே. பக்கத்து சீட்டுல ஆளே இருக்காது, பெல்ட் போடு பெல்ட் போடுன்னு டிங் டிங்னு அடிக்குது."

"பை கிய் வச்சிருப்பீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? ஒண்ணுமே வைக்கல."

இருக்கைக்கு அடியில் கம்பியை ஆட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பேட்டரிக்கும் அந்த மணிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. செல்களை மாற்றி வண்டியை உயிர்ப்பித்தபோது மணி அடிக்கவில்லை. குளிரில் கம்பி சுருங்கியிருக்கும் என்றான். அவளும் நம்பினாள்.

இரண்டாவது வண்டி, பூஸ் என்ற இறைச்சிக் கொழுக்கட்டை விற்கும் கடைக்காரனுடையது. வண்டிக்குள் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் நாறும். என்ஜின் எண்ணெய் குடிக்கிறது என்று சண்டைக்கு வந்தவன், செல் மாற்றுவது சும்மாதான் என்றதும் அடங்கினான்.

"ஆனா நீ குடுத்த கொக்கி சரியில்ல, ஹூனே."

"எந்தக் கொக்கி?"

"பெல்ட்டுக்குப் பதிலா செருகச் சொல்லிக் குடுத்தியே, அது. செருகினாலும் அந்த சீட்டுல மணி அடிக்குது. ஒரு நாள் கடுப்புல பெல்ட்டை இழுத்து, ஆளில்லாத சீட்டுக்கே மாட்டிவிட்டேன். கப்சிப்னு ஆயிடுச்சு. சிரிக்காதே!"

ஹூன்பிஷ் சிரிக்கவில்லை. மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அந்தக் கொக்கிகள் கிடந்தன. பெல்ட் போட யாருக்கும் பிடிக்காது, மணிச் சத்தமும் பிடிக்காது. கொக்கியைப் பூட்டில் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாக நினைத்து வண்டி வாயை மூடிக்கொள்ளும். பேட்டரி வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று இனாமாகக் கொடுப்பான். சந்தையில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாமான்தான்.

செவெல்மா தினமும் வந்தாள். செல்கள் நிற்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஹூன்பிஷ் ஒவ்வொன்றிலும் முகப்பு விளக்கின் பல்பு ஒன்றை மாட்டி எரியவிட்டான். மேசைமேல் வரிசையாக எரிந்து, மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் நூலளவு தணலாக நின்று அணைந்தன. அளவுக் கருவியை வைத்துக் காட்டினான். பூஜ்யம்.

"அவ்வளவுதான், அக்கா. நின்னுடுச்சு."

அவள் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உப்புத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து, பல்பையும் கழற்றி வைத்த பிறகு, எண் ஒன்றானது. அப்புறம் இரண்டு. யாரும் தொடவில்லை. மூச்சு ஏறுகிற வேகத்தில் அது ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி."

"அது அப்படித்தான், அக்கா. உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கும். சும்மா விட்டா மேல வரும். எல்லா செல்லும் இப்படித்தான் பண்ணும்."

"திரும்பி வருதுன்னு சொல்லு."

அவன் ஆயிரம் தடவை பார்த்த விஷயம் அது. இருந்தாலும் அன்று அவன் கை கருவியைத் திருப்பி வைத்தது. செம்புக் கம்பி ஒன்றை வெட்டி, செல்லின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டினான். கட்டிவிட்டால் ஏறாது. அடுத்ததைக் கட்டக் கம்பியை அவளே வாங்கிக்கொண்டாள். தொட்டில் பிள்ளையின் போர்வைக் கயிற்றைக் கட்டுவதுபோல நிதானமாகக் கட்டினாள்.

கட்டிக்கொண்டே சொன்னாள். "ஓட்டினவன் அவன் சிநேகிதன். பிழைச்சிட்டான். இவன் பக்கத்துல தூங்கிட்டே வந்திருக்கான். பெல்ட் போட்டிருந்தா இவனும் பிழைச்சிருப்பான்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. பூட்டுல ஏதோ கொக்கி செருகியிருந்துச்சாம். வண்டி கூப்பிடவே இல்லையாம்."

ஹூன்பிஷ் எழுந்துபோய் அடுப்பில் நிலக்கரி போட்டான். போட வேண்டிய தேவை இருக்கவில்லை. திரும்பி வரும்போது, மேசையிலிருந்த டப்பாவை எடுத்து அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு வந்தான். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

மூன்றாவது வண்டி தெற்கே, கோபிப் பாலைவனத்தில் இருந்தது. ஷீரெவ் என்ற இளைஞன் அங்கிருந்து தலைநகருக்குச் சாமான் ஏற்றி ஓட்டுகிறவன். அழைத்தபோது அவன் குரலுக்குப் பின்னால் காற்று வீசியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இங்க வந்துடு, தம்பி. செல் மாத்தணும்."

"வண்டி குதிரை மாதிரி ஓடுது, அண்ணே. எதுக்கு மாத்தணும்?"

"வா, சொல்றேன். பக்கத்து சீட்டுல மணி அடிக்குதா?"

சரளைக்கல் நெரிந்து வண்டி நிற்பது கேட்டது. பிறகு, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஷீரெவ்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து செவெல்மா பெட்டியின் வாசலிலேயே நின்றாள். ஊர்ப் புகை தரையோடு படிந்து, சந்தையின் அந்தக் கோடி கண்ணுக்குத் தெரியவில்லை. வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்தாள். மதியம் தாண்டியது. தெற்குச் சாலையில் பனி மூடிவிட்டதாக வானொலி சொன்னது. ஷீரெவின் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை.

"வராட்டி?" என்றாள்.

ஹூன்பிஷ் மறுபடியும் ஷீரெவின் எண்ணை அழுத்தினான். இருட்டினால் நாள் முடிந்தது.

எதுவும் வரும் சத்தம் கேட்கவில்லை. அவன் குனிந்து அடுப்பைக் கிளறிவிட்டு நிமிர்ந்தபோது வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் உறைபனி. புகைக்குள்ளிருந்து யாரோ கையால் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தினதுபோல.

ஓட்டுநர் பக்கமிருந்து ஷீரெவ் இறங்கினான். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் பெல்ட் குறுக்கே இழுத்து மாட்டப்பட்டிருந்தது. முதுகுப் பஞ்சோடு ஒட்டித் தொய்ந்து கிடக்க வேண்டிய பட்டை, நெஞ்சு உயரத்தில் விறைப்பாக, எதன்மீதோ படிந்து நின்றது.

"ஒரு மாசமா இப்படித்தான் மாட்டிட்டு ஓட்டுறேன், அண்ணே," என்றான் ஷீரெவ். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "மாட்டினா சத்தம் போடறதில்ல. ராப்பகலா ஒத்தையில ஓட்டறவன்தானே. அப்பப்போ பேசுவேன். இன்னிக்குப் பனியில ஒரு இடத்துல கண்ணு சொக்கிடுச்சு. பெல்ட் மாட்டித்தான் இருந்துச்சு, இருந்தும் மணி அடிச்சுது. முழிச்சுப் பாத்தா பள்ளத்தோட விளிம்பு."

செவெல்மா அவனைத் தாண்டிப் போனாள். கதவைத் திறந்தாள். இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பட்டை அவள் கையை உரசிக்கொண்டு மெதுவாக உள்ளே போனது. கதவை முழுக்கத் திறந்து பிடித்து, ஒருவர் இறங்குவதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.

"வந்து சேந்தாச்சு, கண்ணு. இறங்கு," என்றாள்.

ஷீரெவ் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

மணி அடிக்கவில்லை. ஹூன்பிஷ் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறத் தாழ்ப்பாளை உருவி, பேட்டரியைத் திறந்து, கடைசிப் பச்சைக் கோடுகளை வெளியே எடுத்தான். பல்புகள் எரிந்து அணைந்தன. வெளிச்சம் போவதற்குள் அவளே எல்லாவற்றையும் கட்டி முடித்தாள். காசு வேண்டாம் என்றான். அவள் வற்புறுத்தவில்லை. செல்களைக் கம்பளிப் பையில் போட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை வெளியே வண்டியோடு காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனாள். பையின் கனத்தில் அவள் ஒருபக்கம் சாய்ந்து நடப்பது புகை மூடும்வரை தெரிந்தது.

"இப்ப என் வண்டிக்கு?" என்றான் ஷீரெவ்.

ஹூன்பிஷ் அலமாரிப் பக்கம் திரும்பினான். சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளிக் கோடுகள். இத்தனை நாள் அவை நிறங்களாக மட்டுமே இருந்தன. நீலத்தில் ஒன்றைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான். காயலாங்கடைக்குப் பேசினான்.

"நீலக் கோடு போட்டேனே, இலையுதிர்காலத்துல வந்த வண்டி. அது யாரோடது?"

"என்ன ஹூனே, செல்லுக்கு ஜாதகம் பாக்கறியா? வண்டி நொறுங்குச்சு, வந்துச்சு. வேற என்ன?"

"ஆளுக்கு என்ன ஆச்சு?"

"நீ இதையெல்லாம் கேக்கறவனில்லையே," என்றான் காயலாங்கடைக்காரன். இணைப்பைத் துண்டித்தான்.

ஹூன்பிஷ் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தன்னுடைய சொந்த வண்டியின் பின்கதவைத் திறந்தான். அதன் செல்கள் ஜப்பானிலிருந்து வந்தபடியே, ஒன்றும் மாற்றாமல் இருப்பவை. ஷீரெவுக்குத் தேவையானதை அதிலிருந்து உருவி மாட்டினான்.

"அண்ணே, அப்ப நீங்க எப்படிப் போவீங்க?"

"நடந்துதான்."

ஷீரெவ் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. வண்டி தயார். இரண்டு பேரும் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எந்தச் சத்தமும் வரவில்லை.

"ஒண்ணுமே கேக்கலயே," என்றான் ஷீரெவ். அதில் நிம்மதி இல்லை. கோபிவரை நீண்ட சாலை. தன் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்து புகைக்குள் போனது.