கமலேஸ்வரி இழுத்த குறுக்குக் கோடு

திருகோணமலை நீதிமன்றத்துக்குப் பக்கத்திலிருந்த தட்டச்சுக் கடையில் கமலேஸ்வரி இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களின் முறைப்பாடுகளை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காணாமற்போன மாடு, காணாமற்போன மகன், பிடித்து வைக்கப்பட்ட வள்ளம் என்று ஊரிலுள்ள குறையெல்லாம் அவளுடைய விரல் வழியாகத்தான் மேலிடத்துக்குப் போனது. போய் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அடித்துக் கொடுப்பதோடு அவள் வேலை சரி. வந்தவர் கதிரையில் இருக்குமுன்பே பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் கேட்டுவிடுவாள். தன்னுடைய குறையை மட்டும் ஒருநாளும் தாளில் ஏற்றியதில்லை.

குறை இல்லாமலில்லை. 2007இல் அவளுடைய கணவர் அருளம்பலம் துறைமுகத்துக்குள் வேலைக்குப் போய்வர வைத்திருந்த பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டால் மேலே கேட்கச் சொன்னார்கள். மேலே கேட்டால் பிறகு வரச் சொன்னார்கள். மனிதர் பகல் முழுக்க வீட்டிலிருந்து வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் அவளுக்கு அந்த ஈமெயில் வந்தது. உட்துறைமுக வீதியில் ஸுஹைர் நடத்திய நெற் கபேயில் அவள் கணினி பழகிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடி பகுதிநேர வேலை, அனுப்பும் பக்கங்களை ரைப் பண்ணித் திருப்பி அனுப்பினால் போதும், அனுபவம் தேவையில்லை, நேர்முகப் பரீட்சை இல்லை, நாளைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது.

ஸுஹைருக்கு அது பிடிக்கவில்லை. கொம்பனி என்றால் ஒரு கட்டடம் இருக்க வேண்டும், போன் எடுத்தால் யாராவது கதைக்க வேண்டும், இதில் இலவச ஈமெயில் விலாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லையே என்றான். கமலேஸ்வரி கேட்கவில்லை. களவு என்றால் என்ன, காசு கேட்பதுதானே? இவர்கள் ஒரு சதமும் கேட்கவில்லை. காகிதங்கள்தான் கேட்டார்கள். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், கிராம சேவகரின் அத்தாட்சிக் கடிதம், படம், வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து.

வேறு ஊரில் என்றால் இந்த இடத்தில் யாருக்கும் பயம் வந்திருக்கும். யுத்தம் நடந்த அந்தக் காலத்துத் திருகோணமலையில் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. அரைக் கிலோ சீனி வாங்கக் கடைக்குப் போகிறவளும் இரண்டு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டுத்தான் வருவாள். அதிகாரம் உள்ள இடமெல்லாம் காகிதம் கேட்கும். கூடுதலாகக் கேட்கிற இடம் இன்னும் பெரிய இடம். இவ்வளவு கேட்கிறார்கள் என்றால் இது உண்மையான கொம்பனியேதான் என்று அவள் பூரித்துப் போனாள். எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அனுப்பினாள்.

பதிலுக்குத் தேனீ வளர்ப்பைப் பற்றி நாற்பது ஆங்கிலப் பக்கங்கள் வந்தன. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து அனுப்பினாள். அதோடு சத்தம் இல்லை. ஒரு மாதமாக அவள் அனுப்பிய ஈமெயில்களுக்குப் பதிலே வரவில்லை. தன்னுடைய ரைப்பிங்கில்தான் ஏதோ பிழையாக்கும் என்று முதலில் வெட்கப்பட்டாள். பிறகு குழம்பினாள். காசும் கேட்கவில்லை, வேலையும் தரவில்லை. தேனீயைப் பற்றி அடிப்பித்து இவர்களுக்கு என்ன லாபம்? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு புதன்கிழமை கிண்ணியாவிலிருந்து பல்கீஸ் என்ற பெண் கடைக்கு வந்தாள். பாலம் இல்லாத காலம். 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறி, சோதனை எல்லாம் முடித்து, வியர்த்து வந்திருந்தாள். தன்னுடைய பெயரில் யாரோ சிம் எடுத்து ஒரு வியாபாரியிடம் கப்பம் கேட்டு மிரட்டியிருக்கிறார்கள் என்றும், மறுநாள் எழுத்து மூல வாக்குமூலத்தோடு திருகோணமலைப் பொலிஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். கமலேஸ்வரி வழக்கம்போலப் பேர், விலாசம், இலக்கம் கேட்டு அடிக்கத் தொடங்கினாள். இரண்டாவது பந்தியில் பகுதிநேர வேலை வந்தது. மூன்றாவதில் அந்தக் கொம்பனியின் பெயர் வந்தது. பிறகு, தேனீ வளர்ப்பு.

கமலேஸ்வரியின் விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"பொலிஸ் நம்பல்ல அக்கா," என்றாள் பல்கீஸ். "எண்ட அடையாள அட்டக் கொப்பியக் குடுத்துத்தான் சிம் எடுத்திருக்காம். இப்பிடி ஏமாந்த வேற ஒராள் இருந்தா கூட்டிக்கொண்டு வா எண்டு சொல்றாங்க. நான் ஆரத் தேடிப் போற?"

இங்கே இருக்கிறேன் என்று சொல்ல நா நுனி வரை வந்தது. ஆனால் மிச்சத்தை அடித்து முடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். வேலை தருகிறோம் என்றவர்களுக்கு வேண்டியிருந்தது அவளுடைய விரல்கள் அல்ல, அவளுடைய பெயர் என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, பொலிஸுக்குப் போக வேண்டாம் என்று அருளம்பலம் ஒரே பிடியாக நின்றார். தமிழ்ப் பெண் தானாகப் போய், என் அடையாள அட்டை தெரியாதவன் கையில் இருக்கிறது என்று பொலிஸில் சொல்வதா, பாஸும் இல்லாமல் பெண்சாதியும் இல்லாமல் நான் இருக்கவா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. சொன்னாலும் மாட்டக்கூடும், சொல்லாவிட்டாலும் மாட்டக்கூடும். சோறு போடுகையில் போவது என்று நினைத்தாள்; கோப்பை கழுவுகையில் வேண்டாம் என்று நினைத்தாள். வியர்த்துப் போய் நின்ற அந்தப் பெண்ணின் முகம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் தட்டச்சு இயந்திரத்தில் தாளைப் பூட்டித் தன் பேர், தன் விலாசம், தன் இலக்கம் அடித்தாள். ஊருக்கெல்லாம் அடித்த கைக்கு அந்த ஒரு பக்கத்தை அடிக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. வந்த ஈமெயில்களை ஸுஹைரிடம் பிரதி எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். சுவரோரத்து நீளப் பலகை வாங்கிலில் தனியாக இருந்த பல்கீஸ் அவளைக் கண்டு எழுந்தாள். கையில் இருந்த தாள்களைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருவரின் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். பிறகு கமலேஸ்வரியிடம் அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி கேட்டார். அவள் நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டு, பேனையை எடுத்து, கொப்பியின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தாள். கோடுகளுக்கு நடுவே, பொலிஸ் முறைப்பாட்டுக்கு மட்டும் என்று எழுதித் திகதியும் போட்டாள்.

உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். "எங்களிலும் நம்பிக்கை இல்லையா?"

"நம்பித்தானே சேர் வந்தனான்," என்றாள். "ஆனா இந்தக் கொப்பி இனி வேற ஒருத்தருக்கும் உதவக் கூடாது."

அன்றைக்கு இருவரையும் வீட்டுக்குப் போகவிட்டார்கள். பத்து நாள் கழித்துக் கமலேஸ்வரியை மறுபடி கூப்பிட்டார்கள். அருளம்பலம் சைக்கிளோடு வாசலில் நின்றார். உள்ளே அதே உத்தியோகத்தர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். அவளுடைய பெயரிலும் இரண்டு சிம் எடுக்கப்பட்டிருந்தன. இரண்டும் அன்று வரை பாவிக்கப்படவில்லை, இப்போது நிறுத்தியாகிவிட்டது. எடுத்தது யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அவள் வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று அருளம்பலம் கேட்டார். உத்தியோகத்தர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "நீங்கள் வராமல் இருந்திருந்தால் ஒருநாள் நாங்கள்தான் உங்களைத் தேடி வந்திருப்போம்."

அருளம்பலம் சைக்கிளில் ஏறவில்லை. வீடு வரும்வரை அவளுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டே நடந்து வந்தார்.